ஆதாரம் சரி, பிணைச்சல் எங்கே?

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பெடுப்பதுபோல இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், செய்கிற தொழில் அது.

எங்கட ஊர் வட்ஸ்அப் குறூப்புகளில் ஒரு நல்ல பழக்கம் வந்திருக்கிறது. யாராவது ஒன்றைச் சொன்னால் உடனே "ஆதாரம் இருக்கா?" என்று கேட்கிறார்கள். படம், கடிதம், பத்திரிகைத் துண்டு என்று ஏதாவது ஒன்றைப் போட்டால்தான் விடுகிறார்கள். சந்தோஷம். ஆனால் ஆதாரம் வந்தவுடன் எல்லாரும் அடங்கிப் போகிறார்கள், அல்லது பதிலுக்கு வேறோர் ஆதாரத்தைத் தூக்கி எறிகிறார்கள். அடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை. "சரி, நீங்கள் காட்டியது உண்மைதான். அதிலிருந்து நீங்கள் சொல்லும் முடிவு எப்படி வருகிறது?" இந்தக் கேள்வியைக் கேட்காததால் நாங்கள் முகநூலில் மட்டுமில்லை, அலுவலகங்களிலும் தோற்றுக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் எழுதுகிறேன்.

தமிழ்மொழித்தின விவாதப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கும்போது நான் முதலில் மூன்று சொற்களைத்தான் கொடுப்பேன். கூற்று, சான்று, பிணைச்சல். நீங்கள் நிறுவ வேண்டியது கூற்று. அதற்காகக் காட்டுவது சான்று. மூன்றாவது எந்தப் பாடநூலிலும் அந்தப் பெயரில் இல்லை, அது நான் கதவிலிருந்து எடுத்த சொல். நிலையும் தேக்கு, கதவும் தேக்கு, பிணைச்சல் துருப்பிடித்திருந்தால் கதவு தொங்காது. சான்றையும் கூற்றையும் சேர்த்துப் பிடிக்கிற, பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்லப்படாத விதிதான் பிணைச்சல். "அவரின்ர மகன் கனடாவில, அவருக்கு என்ன குறை?" என்று ஒருவர் சொல்கிறார். மகன் கனடாவில் இருப்பது உண்மை. "கனடாவில் மகன் உள்ள எல்லாத் தகப்பன்மாருக்கும் மாதாமாதம் காசு வருகிறது" என்பது அங்கே ஒளிந்திருக்கும் பிணைச்சல். அதை வெளியே இழுத்து வைத்துப் பாருங்கள், எத்தனை தகப்பன்மாரின் முகம் ஞாபகம் வருகிறது?

இது ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்த புதுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். ஸ்டீபன் டூல்மின் என்ற ஆங்கிலேயத் தத்துவ ஆசிரியர் 1958இல் எழுதிய புத்தகம் ஒன்றில் இதைப் பிரித்துக் காட்டினார், இன்று உலகம் முழுக்க விவாதம் படிப்பவர்கள் அவரைத்தான் சொல்கிறார்கள். ஆனால் மணிமேகலையைத் திறந்து பாருங்கள். அறவண அடிகள் மணிமேகலைக்குப் பக்கம், ஏது, திட்டாந்தம் என்று வரிசையாகப் பாடம் எடுக்கிறார். மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை தெரிகிறது, அடுக்களையைப் போல. புகை எங்கே உண்டோ அங்கே நெருப்பும் உண்டு என்பதற்கு அடுக்களை சாட்சி. அந்த "எங்கே உண்டோ அங்கே" தான் பிணைச்சல். அது பிழைத்தால் என்ன நடக்கும் என்று போலிகளின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. உயர்தரத்தில் அளவையியல் எடுத்தவர்களுக்கு எடுகூற்று, நியாயத்தொடை, போலி என்று இதெல்லாம் ஞாபகம் இருக்கும்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இன்னும் எளிது. கியாஸ் என்றால் என்ன? மதுவுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. ஐஸ் என்று இப்போது எங்கட பொடியன்களைக் கெடுக்கிற தூளுக்குப் பெயர் சொல்லிச் சட்டம் வரவில்லை. இரண்டையும் எது சேர்க்கிறது? நிறமா, மணமா, போத்தலா? இல்லை, போதை. அதற்கு உலமாக்கள் 'இல்லத்' என்று பெயர் வைத்தார்கள். இல்லத் எது என்று சரியாகப் பிடிக்காதவன் கியாஸ் செய்யக் கூடாது என்பது பாலபாடம். ஆயிரம் வருடத்துக்கு மேலாக எங்கட உலமாக்கள் இந்த ஒரு புள்ளியில் எவ்வளவு கவனமாக இருந்தார்கள் என்று பார்த்தால், எங்கட குறூப்புகளில் நடப்பதைப் பார்க்க வெட்கமாக இருக்கும்.

இனி எங்களைப் பற்றியே நடந்த ஒரு பெரிய விவாதத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் இருக்கிற முஸ்லிம் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், ஆனால் பள்ளிக்கூடப் புத்தகத்தில் வராது.

பொன்னம்பலம் இராமநாதனை எல்லாருக்கும் தெரியும். மருதனார்மடத்தில் அவர் கட்டிய மகளிர் கல்லூரியைக் கடந்துதான் பலபேர் தினமும் போகிறோம். அவர் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில்தான் 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் வந்தது. அந்தக் காலச் சட்டநிரூபண சபையில் அவர் தமிழ் பேசுவோருக்கான உறுப்பினர். சோனகருக்கும் சேர்த்து அவர்தான் பிரதிநிதி. 1885இல் சபையில் அவர் ஒரு கருத்தைச் சொன்னார். 1888இல் றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில் அதையே நீண்ட ஆய்வுரையாக வாசித்தார். கூற்று இது: இலங்கைச் சோனகர் சமயத்தால் முஸ்லிம்கள், இனத்தால் தமிழர்.

சான்றுகள்? வீட்டில் பேசுவது தமிழ். வழக்கங்கள், கலியாணச் சடங்குகள் பலவற்றில் தமிழர் சாயல். தோற்றத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. வரலாற்றிலும் தென்னிந்தியத் தொடர்பு. இராமநாதன் சட்டத்தரணி, சும்மா பேசியவர் இல்லை. சான்றுகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். இன்றைக்கும் அவற்றில் பெரும்பகுதியை நான் மறுக்க மாட்டேன். நான் பேசுவதும் கனவு காண்பதும் தமிழில்தான், பிழைப்பும் தமிழ் படிப்பித்துத்தான்.

பதில் வர ஏறத்தாழ இருபது வருடம் பிடித்தது. 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் என்ற கொழும்புச் சோனகத் தலைவர், பத்திரிகையாளர், இராமநாதனின் உரைக்கு மறுப்பாக ஒரு நூல் வெளியிட்டார். அதில் இரண்டு வேலை நடக்கிறது, அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் வேலை பிணைச்சலைத் தட்டிப் பார்ப்பது. ஒரு மொழியைப் பேசுவதால் மட்டும் ஒருவர் அந்த இனமாகிவிடுவாரா? வியாபாரத்துக்கு வந்து குடியேறியவர்கள் சுற்றியிருப்போரின் மொழியை எடுத்துக்கொள்வதும், சேர்ந்து வாழ்ந்து வழக்கங்களை எடுத்துக்கொள்வதும் எங்கும் நடப்பதுதானே? இது பலமான இடம். எங்கட யாழ்ப்பாணத்து உதாரணம் சொல்கிறேன். ரொறன்ரோவில் பிறந்து ஆங்கிலம் மட்டும் பேசுகிற மானிப்பாய்க் குடும்பத்துப் பிள்ளையை யாரும் இங்கிலீஷ்காரன் என்று சொல்வதில்லை. "தமிழ்ப்பிள்ளை, தமிழ் வராது" என்று கவலைப்படுவோம், அவ்வளவுதான். அப்படியென்றால் மொழியை இனத்தோடு பூட்டுகிற பிணைச்சல் எங்களுக்கு ஒரு மாதிரி, அவர்களுக்கு வேறு மாதிரி வேலை செய்ய முடியாது.

இரண்டாவது வேலை, அராபிய மூதாதையர் கதை. ஹாஷிம் வம்சத்தவர் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலீஃபா அப்துல் மலிக் காலத்து நெருக்கடியால் இங்கு வந்தார்கள் என்று சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் 1827இல் எழுதிய குறிப்பு ஒன்று உண்டு. இராமநாதன் அதை ஏற்கவில்லை, அஸீஸ் அதைப் பிடித்துக்கொண்டார். இங்கேதான் எனக்கு அஸீஸோடு உடன்பாடு இல்லை. எங்கட மூத்தோர் சிலருக்கு இது கசக்கும், பரவாயில்லை. மொழி இனத்தைத் தீர்மானிக்காது என்று ஒரு பிணைச்சலைக் கழற்றியவர், தகப்பன்வழி இரத்தம்தான் தீர்மானிக்கும் என்று இன்னொன்றைப் பூட்டினார். கப்பலில் வந்த ஆண்கள் இங்குள்ள பெண்களைத்தான் முடித்திருப்பார்கள். அந்த உம்மாமார் எங்கே போனார்கள்? பிள்ளைகளுக்குத் தாலாட்டுப் பாடியது யார்? தமிழை எங்கட வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களை விட்டுவிட்டு வம்சாவழி எழுதினால் அது பாதி வம்சாவழி.

ஆனால் இன்னொரு கூற்றும் அந்த விவாதத்தின் அடியில் கிடந்தது. சபையில் சோனகருக்குத் தனி ஆசனம் வேண்டுமா, வேண்டாமா? ஒரே இனம் என்றால் ஒரே பிரதிநிதி போதும், வேறு என்றால் வேறு பிரதிநிதி. 1889இல் ஆங்கில ஆட்சி முஸ்லிம்களுக்கென்று ஓர் ஆசனம் கொடுத்தது, எம்.சி. அப்துல் ரஹ்மான் நியமிக்கப்பட்டார். அதாவது இராமநாதன் உரை வாசித்து அடுத்த வருடமே காரியம் முடிந்துவிட்டது. இனம் எது என்ற கேள்விதான் பல தலைமுறைக்கு இழுபட்டது. என் அபிப்பிராயம், அந்த இனக்கேள்வி தேவையே இல்லாதது. ஒரு கூட்டம் மக்கள் தங்களுக்கென்று ஒரு குரல் வேண்டும் என்று கேட்டால், அவர்களின் பாட்டன் எந்த மூக்கோடு எந்தத் துறைமுகத்தில் இறங்கினான் என்று பார்த்தா முடிவு செய்வது? இராமநாதன் போட்ட தளத்தில் இறங்கி அஸீஸ் ஆடினார். வாதத்தில் எதிராளி போட்டுத் தரும் தளத்திலேயே ஆட வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை, பிள்ளைகளே. (கோப்பாய்க் கலாசாலையில் எங்களுக்குப் படிப்பித்த ஒருவர் இதை ஒவ்வொரு கிழமையும் சொல்வார்.)

இதற்கு மாறாக, வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்து, வைத்தீஸ்வராவிலும் யாழ் இந்துவிலும் படித்து, இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமாகி, பிறகு கொழும்பு ஸாஹிராவின் அதிபராக இருந்த ஏ.எம்.ஏ. அஸீஸைப் பாருங்கள். எங்கட ஊர் மனிதர். தமிழ் தன் மொழி என்பதில் அவருக்குத் தயக்கம் இல்லை, முஸ்லிம்கள் தனியான சமூகம் என்பதிலும் தயக்கம் இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றை இழுக்கவும் இல்லை, ஒன்றுக்காக மற்றதை மறைக்கவும் இல்லை.

ஏன் இவ்வளவு பழங்கதை என்றால், இதே பிணைச்சல் இன்னும் எங்கட கதவில் தொங்குகிறது. ஒக்டோபர் 30 வந்தால் நாங்கள் 1990ஐப் பற்றிப் பதிவு போடுவோம். சோனகதெருவிலிருந்து ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டதையும், இரண்டு மணித்தியாலம் தந்ததையும் பெரியவர்கள் எழுதுவார்கள். கீழே ஒரு தமிழ் நண்பர் அன்பாகத்தான் எழுதுவார்: "நாங்கள் எல்லாரும் தமிழ் பேசும் மக்கள்தானே, பழையதைக் கிளறுவது ஏன்?" தமிழ் பேசுகிறோம் என்பது சான்று. கிளறக் கூடாது என்பது கூற்று. இடையில் என்ன இருக்கிறது? ஒரே மொழி பேசுகிறவர்களுக்குள் நடந்ததைப் பேசத் தேவையில்லை என்ற விதியா? எந்த வீட்டில் அப்படி ஒரு விதி இருக்கிறது? சொந்தச் சகோதரன் காணியைப் பிடித்தால் கூடுதலாகத்தானே கதைப்போம்.

இன்னொரு வகைப் பின்னூட்டம் இதைவிடக் கடுமை. "கிழக்கில் முஸ்லிம் ஊர்காவற்படை தமிழருக்குச் செய்தது தெரியாதா? வீரமுனை தெரியாதா?" உடனே எங்கட பக்கத்துப் பொடியன்கள் காத்தான்குடிப் பள்ளிவாசல் படத்தைப் போடுவார்கள். அவர்கள் இன்னொரு படம், இவர்கள் இன்னொரு படம். இரவு பன்னிரண்டு மணிவரை மையித்துகளை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். 1990 ஓகஸ்டில் வீரமுனைக் கோயிலில் தஞ்சமிருந்த தமிழர்கள் கொல்லப்பட்டது உண்மை. அதே மாதம் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டதும் உண்மை. விவாதத்தில் இதற்கு ஒப்புக்கொள்ளல் என்று பெயர். எதிராளி சொல்வதில் உண்மை உள்ள பகுதியை முதலில் ஏற்பது. அது தோல்வி என்று எங்கட ஆட்களுக்கு ஒரு பயம். ஒப்புக்கொண்டால்தான் அடுத்த கேள்வி கேட்க உங்களுக்கு வாய் இருக்கும்: கிழக்கில் யாரோ செய்ததற்காக யாழ்ப்பாணத்தில் தையல் கடை வைத்திருந்தவரும் இரும்புக்கடை வைத்திருந்தவரும் அவர்களின் பிள்ளைகளும் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்பதற்கு எது பிணைச்சல்? "ஒரு சமூகத்தில் ஒருவன் செய்தால் எல்லாரும் குற்றவாளி." இதைத்தான் அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டி வரும். அந்த விதியை இந்த நாட்டில் 1983இல் கொழும்புத் தமிழர்மேல் பாவித்தார்கள். பின்னூட்டம் போட்ட நண்பருக்கு அது நன்றாகத் தெரியும். நீங்கள் கோபப்படத் தேவையே இல்லை, அந்த விதியை அவர் முன் வைத்தால் போதும். பெரும்பாலும் உரையாடல் அங்கே திசை மாறும். மாறாவிட்டால் அவர் வாதாட வந்தவர் இல்லை, விட்டுவிட்டுத் தூங்குங்கள்.

இப்போது மீள்குடியேற்ற விஷயம். என்னிடம் மனு எழுதித் தரச் சொல்லி வருகிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வீட்டுத்திட்டத்துக்கு விண்ணப்பித்த ஒரு தாய் தனக்குக் கிடைத்த பதிலைச் சொன்னார். எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. "நாங்கள் மூன்று தரம் வந்து பார்த்தோம், வீடு பூட்டியிருந்தது. நீங்கள் நிரந்தரமாக இங்கே இல்லை. ஆகவே தகுதி இல்லை." அவர் என்ன செய்தார் தெரியுமா? வீடு பூட்டியிருக்கவில்லை என்று சண்டை பிடித்தார். பூட்டித்தான் இருந்தது. சண்டை அங்கேயே முடிந்தது.

பூட்டியிருந்தது என்ற சான்றை விட்டுவிடுங்கள். பிணைச்சலைப் பிடியுங்கள். "உண்மையில் திரும்பி வர விரும்புகிறவர், வீடு எந்த நிலையில் இருந்தாலும் அதில் தங்கியிருப்பார்." இதுதான் அந்த உத்தியோகத்தர் சொல்லாமல் சொன்ன விதி. இப்போது கேளுங்கள்: கூரை இல்லாத, மலசலகூடம் இல்லாத வீட்டில் வயதுக்கு வந்த பிள்ளையோடு யார் தங்குவார்? மகன் புத்தளத்தில் சாதாரணதரப் பரீட்சை எழுதப்போகும் வருடத்தில் யார் பள்ளிக்கூடம் மாற்றுவார்? வீடு இல்லாததால்தான் தங்கவில்லை, தங்காததால் வீடு இல்லை என்றால் இது எங்கே போய் முடியும்? தங்காமல் இருப்பது விருப்பம் இல்லாததைக் காட்டலாம், வசதி இல்லாததையும் காட்டலாம். எது என்று அந்தப் பூட்டு சொல்லாது. இதை நான்கு வரியில் மனுவில் எழுதலாம். கூடவே பழைய உறுதி, 1990க்கு முந்திய வாக்காளர் இடாப்பு, பள்ளிக்கூட விடுகைப் பத்திரம், திரும்பி வந்த நாளிலிருந்து கிராம சேவகரிடம் போன திகதிகள், இவை சேர்ந்தால் விருப்பத்துக்கு வேறு சான்று வந்துவிடுகிறது.

சொல் விஷயத்திலும் கவனம். நான் பார்த்த மனுக்களில் பாதிக்கு மேல் "1990இல் இடம்பெயர்ந்த நாங்கள்" என்று தொடங்குகின்றன. தமிழாசிரியராக எனக்கு இது பொறுக்காது. பெயர்ந்தோம் என்பது தன்வினை. நாங்களே எழுந்து போனது மாதிரி. "வெளியேற்றப்பட்டோம்" என்பது செயப்பாட்டுவினை, யாரோ செய்தார்கள் என்பதாவது தெரியும். "விடுதலைப் புலிகள் எங்களை வெளியேற்றினார்கள்" என்றால் செய்தவர் எழுவாயாக வந்து நிற்கிறார். மூன்றில் எதை எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்து அடுத்த வரியில் நீங்கள் கேட்கக்கூடியது மாறும். தானாகப் பெயர்ந்தவர் உதவி கேட்பார், வெளியேற்றப்பட்டவர் நீதி கேட்பார். போர் முடிந்த காலத்தில் அரசாங்கம் பழைய இடம்பெயர்ந்தோர், புதிய இடம்பெயர்ந்தோர் என்று இரண்டாகப் பிரித்தபோது நாங்கள் 'பழைய'வில் விழுந்தோம். பழையது என்றால் ஆறப்போட்டது என்றுதானே காதில் விழும்? அந்தச் சொல்லை மனுவில் நாங்களே திருப்பி எழுதிக் கொடுக்கிறோம்.

செய்தவரைப் பெயர் சொன்னால் அயலில் உறவு கெடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அன்று அழுதுகொண்டு வழியனுப்பிய தமிழ் அயலவர்களைப் பற்றி எங்கட வீடுகளில் இன்றைக்கும் கதைக்கிறோம். இயக்கம் செய்தது என்று சொல்வது அயலவரைச் சொல்வது இல்லை. 2002இல் கிளிநொச்சிச் செய்தியாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கமே இந்த வெளியேற்றத்துக்காக மன்னிப்புக் கேட்டுப் பேசினார். அவர்களே ஒப்புக்கொண்டதை நாங்கள் மறைத்து எழுதுவதில் யாருக்கு மரியாதை?

கண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். சிலர் மனுவில் உம்மாவின் நகையைக் கழற்றியது, வழியில் பசித்தது, முகாமில் பிள்ளை மௌத்தானது என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, என்ன வேண்டும் என்பதைக் கடைசி வரியில் வைக்கிறார்கள். அவை எழுதப்பட வேண்டியவைதான், தாராளமாக எழுதுங்கள். ஆனால் ஒரு நாளைக்கு ஐம்பது கடிதம் வாசிக்கிற உத்தியோகத்தருக்கு முதல் பந்தியில் கூற்று வேண்டும்: எந்தக் காணி, எந்தத் திட்டம், என்ன முடிவை மாற்றக் கேட்கிறீர்கள். வடக்கு முஸ்லிம்களின் மீள்குடியேற்றம் பற்றி நல்லிணக்க ஆணைக்குழுவின் 2011 அறிக்கையிலும் சொல்லப்பட்டிருக்கிறது, அதையும் ஒரு வரி சேருங்கள். அரசாங்கம் அமைத்த ஆணைக்குழு சொன்னது என்றால் நீங்கள் தனியாளாக நிற்பது இல்லை.

வீட்டுத்திட்ட மனு நிராகரிக்கப்பட்டவர்கள் அந்தக் கடிதத்தின் பிரதியோடு வியாழன் அல்லது ஞாயிறு அஸருக்குப் பிறகு வாருங்கள். முதலில் நிராகரித்த கடிதத்தைப் பிரித்து வாசிப்போம், மூன்று சொல்லையும் பென்சிலால் அடையாளம் போடுவோம், பிறகு பதில் எழுதுவோம். உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் உதவிக்கு இருக்கிறார்கள். முதியவர்கள் படியேறத் தேவையில்லை, கீழே கதிரை போட்டிருக்கும்.